கூடையும் கூலியும்: மக்கள் ஏழையாகி வருகின்றனரா?

நமது வர்த்தகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இப்பொழுது தவறாமல் எழும் பேச்சு ஒன்றுண்டு. "முன்போல வியாபாரம் இல்லை, ஜனங்கள் கையில் காசு இல்லை" என்பார் ஒருவர். "காசு இல்லையென்றால் விடுமுறை நாளில் பேரங்காடிகளில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நிற்பானேன்?" என்பார் மற்றொருவர். இருவரும் தத்தம் கண்ணால் கண்டதையே சொல்கின்றனர். இருவர் சொல்லும் ஓரளவுக்கு உண்மையே. ஆனால் ஓரளவு உண்மையை நம்பிக் கொள்முதல் செய்கிறவருக்கு முழு அளவில் நஷ்டம் வந்து சேரும். ஆகவே இவ்விஷயத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, நமது நாடாகிய மலேசியாவின் கணக்குகளையே முன்னால் வைத்து, நிதானமாக ஆராய்வோம்.

நாம் ஆராய வேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்று, மக்கள் ஏழையாகிவிட்டார்கள் என்பதை எதைக்கொண்டு அறிவது? இரண்டு, பேரங்காடிக்கும் சிற்றங்காடிக்கும் சென்று வாங்கும் பழக்கம் மாறியிருப்பது வறுமையின் அடையாளமா, வசதியின் அடையாளமா? மூன்று, இவற்றை அறிந்த வர்த்தகர் தம் கடையில் செய்ய வேண்டுவது என்ன?

1. கோடு எங்கே கிழிக்கப்படுகிறது?

அரசாங்க ஏடுகளில் ஏழை என்று எழுதப்படுவோர், வறுமைக் கோட்டு வருமானம் என்று குறிக்கப்பட்ட தொகைக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பத்தார். 2005ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, 2016இல் இந்தக் கோடு ஒரு குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளியாக இருந்தது. அந்தக் கணக்கில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 0.4; அதாவது ஆயிரம் வீட்டில் நான்கு வீடு. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் சார்பில் இங்கு வந்து பார்வையிட்ட பிலிப் ஆல்ஸ்டன் என்னும் அறிஞர், இந்தக் கோடு நடைமுறை வாழ்க்கைக்குப் பொருந்தாத அளவுக்குத் தாழ்வாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் அரசாங்கம் முறையைத் திருத்தியது. 2019ஆம் ஆண்டுக்குரிய கோடு 2,208 வெள்ளியாயிற்று. உடனே அந்த ஆண்டின் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 5.6 என்றாயின. அதே புதிய முறையில் 2016ஐத் திரும்ப அளந்தபோது நூற்றுக்கு 7.6 என்று வந்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? கோட்டை மாற்றிய அன்று எவருடைய அடுப்பிலும் அரிசி கூடவுமில்லை, குறையவுமில்லை. அளவுகோல் மாறியது; அவ்வளவுதான். எனவே "ஏழைகள் இத்தனை பேர்" என்று எவர் சொன்னாலும், எந்தக் கோலால் அளந்தது என்று முதலில் கேட்பதே அறிவுடைமை. துணிக்கடையில் கஜமா மீட்டரா என்று கேளாமல் எவரும் விலை பேசுவதில்லை அல்லவா?

ஒரே கோலால் அளந்து பார்த்தால், 2016இல் 7.6ஆக இருந்தது 2019இல் 5.6ஆகக் குறைந்து, பெருந்தொற்று வந்த 2020இல் 8.4ஆக ஏறி, 2022இல் 6.2ஆக இறங்கியது. 2022இல் கோடு 2,589 வெள்ளி. ஆகவே நாடு முழுவதும் ஒரே சீராக ஏழ்மையில் சரிந்து வருகிறது என்று சொல்வதும் பிழை. தொற்றுக்கு முந்தைய நிலைக்கு 2022க்குள் அனைவரும் திரும்பிவிட்டார்கள் என்று சொல்வதும் பிழை.

2. வரவு ஒரு நடை, செலவு ஒரு நடை

கோட்டுக்கு மேலே இருப்பவர்களின் நிலை என்ன? நமது வாடிக்கையாளரில் பெரும்பாலோர் அவர்களே. 2019இல் மலேசியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 7,901 வெள்ளி. 2022இல் 8,479 வெள்ளி. நூற்றுக்கு 7.3 உயர்ந்தது. அதே காலத்தில் குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 4,534 வெள்ளியிலிருந்து 5,150 வெள்ளியாயிற்று. இது நூற்றுக்கு 13.6 உயர்வு.

வரவைக் காட்டிலும் செலவு ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் நடந்திருக்கிறது. 2019இல் நூறு வெள்ளி வந்தால் 57 வெள்ளி செலவாயிற்று. 2022இல் நூறு வெள்ளி வந்தால் ஏறக்குறைய 61 வெள்ளி செலவாயிற்று. கையில் மிஞ்சுவதில் மூன்று வெள்ளிக்கு மேல் குறைந்தது. கல்லாப் பெட்டியை மட்டும் பார்க்கிற வியாபாரிக்கு இது நல்ல காலமாகவே தோன்றும். விற்பனைத் தொகை ஏறுகிறதல்லவா! வாங்குகிறவரின் வீட்டிலோ மாதக் கடைசியில் கை வறண்டிருக்கும். வெள்ளியில் ஏறும் விற்பனையை வைத்து வாங்குகிறவரின் வளத்தை அளக்கலாகாது என்பது இதன் முதற்பாடம்.

சராசரி என்பதிலும் ஒரு மயக்கமுண்டு. பத்துப் பேரில் ஒருவருடைய வருமானம் மிக ஏறினால் பத்துப் பேரின் சராசரியும் ஏறும். ஆதலால் சராசரியைக் கொண்டு தம் தெருவின் நிலையைத் தீர்மானிக்காமல், தம் தெருவைக் கொண்டே தீர்மானிப்பது வியாபாரிக்கு அழகு.

3. விலைவாசி இறங்கியது என்றால் விலை இறங்கியதா?

பத்திரிகைகளில் "பணவீக்கம் குறைந்தது" என்று வாசிக்கிறோம். பலர் இதைச் சாமான் விலை குறைந்தது என்று எண்ணிக்கொள்கின்றனர். அப்படியன்று. விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். மாடிப்படி ஏறுகிறவர் மெதுவாக ஏறினாலும் மேலேதான் போகிறார்.

2022இல் மலேசியாவின் பொதுவான விலையேற்றம் நூற்றுக்கு 3.3, உணவுப் பொருளின் ஏற்றமோ 5.8. 2023இல் பொது 2.5, உணவு 4.8. இவ்விரண்டு ஆண்டையும் சேர்த்துப் பெருக்கினால், 100 வெள்ளிக்கு வாங்கிய உணவுச் சாமான் ஏறக்குறைய 111 வெள்ளியாயிற்று. எல்லாச் செலவையும் சேர்த்த பொதுக்கணக்கிலோ 100 வெள்ளி சுமார் 106 வெள்ளிதான் ஆயிற்று. 2024இல் உணவின் ஏற்றம் 2.0ஆகத் தணிந்தது. ஆனால் அந்த 111 இறங்கி வரவில்லை. அதன் மேலேயே இந்த இரண்டும் ஏறியது.

உணவு பொதுவிலையைக் காட்டிலும் வேகமாக ஏறும்பொழுது எவருக்கு அதிகம் வலிக்கும்? இதற்கு விடை 1857ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஜெர்மானிய நாட்டுச் சாக்ஸனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் எங்கல் என்னும் புள்ளிவிவர அறிஞர், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். குடும்பம் எவ்வளவுக்கெவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கவ்வளவு அதன் செலவில் உணவின் பங்கு பெரிதாயிருக்கும் என்பதே அது. பணக்காரரும் ஒரு வயிற்றுக்கே உண்கிறார். ஏழைக்கு அந்த ஒரு வயிற்றுக்கே வருமானத்தின் பெரும்பங்கு போய்விடுகிறது. ஆதலால் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலையேற்றம் இருவருக்கு இரு வேறு பாரமாகிறது.

நம் நாட்டில் இவ்விதியைப் பார்க்கும்போது ஒரு திருத்தம் வேண்டும். இங்கே வீட்டில் சமைப்பதற்கு ஈடாகக் கடையில் உண்பவர் அநேகர். அரசாங்கக் கணக்கில் வீட்டுக்கு வாங்கும் உணவு ஒரு தலைப்பிலும், உணவகத்தில் உண்பது வேறொரு தலைப்பிலும் எழுதப்படுகிறது. இரண்டையும் கூட்டினால்தான் வயிற்றுக்குப் போகும் முழுத்தொகை தெரியும். 2023 ஜனவரி 31ஆம் நாள் தொடங்கப்பட்ட 5 வெள்ளி 'மெனு ரஹ்மா' உணவுத் திட்டத்தை நமது உணவகக்காரர்கள் அறிவார்கள். 5 வெள்ளிச் சாப்பாட்டுக்கு ஒரு திட்டம் தேவைப்பட்டதே, உணவுச் செலவு எவ்வளவு பேருக்குப் பாரமாயிற்று என்பதைக் காட்டும்.

4. கிலோவைக் கூலி நேரத்தால் அளந்து பார்ப்போம்

வெள்ளியின் மதிப்பு ஆண்டுக்காண்டு மாறுகிறது. ஆனால் ஒரு மணி நேரம் என்பது பாட்டன் காலத்திலும் ஒரு மணி நேரந்தான். எனவே ஒரு கிலோ சாமானுக்கு எத்தனை நேரம் உழைக்க வேண்டும் என்று பார்ப்பது நேர்மையான அளவாகும்.

கோழியை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவில் அரசாங்கம் விதித்த உச்ச விலை கிலோ 8 வெள்ளி 90 காசு. அப்பொழுது நகர்ப்புறக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 வெள்ளி. மணிக்கு 5 வெள்ளி 77 காசு. ஒரு கிலோ கோழிக்கு 92 நிமிடத்துக்குச் சற்று மேல் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மே முதல் தேதியில், ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்களில், குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாயிற்று; மணிக்கு 7 வெள்ளி 21 காசு. ஜூலையில் கோழியின் உச்ச விலை 9 வெள்ளி 40 காசாக ஏறியது. கணக்கிட்டால் 78 நிமிடம் வருகிறது. விலை ஏறியும், அந்த உழைப்பாளிக்குக் கோழி மலிவாயிற்று!

இதையே வேறொருவருக்குப் பார்ப்போம். மாதம் 2,500 வெள்ளி வாங்கும் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மணிக்கு ஏறக்குறைய 12 வெள்ளி. சட்டம் அவருடைய சம்பளத்தை உயர்த்தச் சொல்லவில்லை, முதலாளியும் உயர்த்தவில்லை. அவருக்கு 44 நிமிடமாயிருந்த கோழி 47 நிமிடமாயிற்று. ஒரு கோழியில் மூன்று நிமிடம் சிறிதுதான். ஆனால் அரிசியிலும் எண்ணெயிலும் பள்ளிச் செலவிலும் வீட்டு வாடகையிலும் அதே மூன்று நிமிடம் சேர்ந்துகொண்டே போனால் மாதத்தில் பல நாள் உழைப்பு காணாமற் போகிறது.

ஆகவே நமது முதற் கேள்விக்கு ஒருவகை விடை கிடைக்கிறது. அடிமட்டத்துச் சம்பளக்காரர் யாவரும் மேலும் ஏழையானார் என்று சொல்ல இயலாது. சம்பளம் நகராமல் நின்றவரே, அவர் எந்தப் படியில் நின்றாலும், பின்னுக்குப் போனார். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நம் கடைக்கு வருகிறவர் கூலிவேலைக்காரரைக் காட்டிலும் அதிகம் யோசித்து வாங்கக் கண்டால் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

5. பெரிய அங்காடியும் சிறிய அங்காடியும்

இனி வாங்கும் பழக்கத்துக்கு வருவோம். இந்நாட்டின் பேரங்காடிகள் பலவற்றின் வேர் சிறுகடைதான். ஜயண்ட் 1944இல் கோலாலம்பூரில் ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கியது. மைடின் 1957இல் கோத்தா பாருவில் ஒரு சிறு கடையாகத் தொடங்கியது. பின்னர் 1994இல் கார்ஃபூர், 2002இல் டெஸ்கோ என்று அயல்நாட்டுப் பேரங்காடிகள் இங்கே கடை திறந்தன. மாதச் சம்பளம் வாங்கியதும் குடும்பத்தோடு காரில் போய், தள்ளுவண்டி நிறைய ஒரு மாதச் சாமானை அள்ளி வருவது ஒரு பழக்கமாக வேரூன்றியது.

பிற்பாடு காற்று மாறியது. கார்ஃபூர் 2012இல் ஏயோன் கைக்கு மாறியது. டெஸ்கோ கைம்மாறி 2021இல் லோட்டஸ் என்று பெயர் பூண்டது. அதே காலத்தில் குடியிருப்புப் பகுதிகளின் வாயிலிலே சிற்றங்காடிகள் பெருகின. 1987இல் கிள்ளானில் ஒரு கடையாகத் தொடங்கிய 99 ஸ்பீட்மார்ட், 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையில் ஏறியபோது அதற்கு 2,600க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. வாங்குவோர் மாதத்துக்கு ஒரு தடவை பெரிய கடைக்குப் போவதை விட்டு, வாரத்தில் பல தடவை பக்கத்துக் கடைக்குப் போகத் தொடங்கினர் என்பது இதனால் விளங்கும்.

இது வறுமையா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடலாகாது. போக்குவரத்து நெரிசல், வாகனம் நிறுத்தும் கட்டணம், கணவனும் மனைவியும் வேலைக்குப் போவதால் வந்த நேரக்குறை, குடும்பங்கள் சிறுத்தது, கைப்பேசியில் வீட்டிலிருந்தே வாங்கும் வசதி ஆகிய பல காரணங்கள் இதில் உண்டு. இவை வசதியின் மாற்றங்கள். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு: ஒரே நாளில் 400 வெள்ளியை எடுத்து வைக்க முடியாதவர், 40 வெள்ளியாகப் பத்துத் தடவை செலவிடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இருவர் நடையும் ஒன்றே. வேறுபாடு தெரிவது கூடைக்குள்ளேதான்.

6. கூடையைப் படிக்கும் வகை

முற்காலத்தில் நமது மளிகைக் கடைகளில் 555 என்னும் சிறு குறிப்புப் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். எந்த வீட்டில் பற்று ஏறுகிறது, எந்த வீட்டில் தீர்கிறது என்பதை அந்தப் புத்தகமே சொல்லிவிடும். பேரங்காடியில் பற்றுப் புத்தகம் இல்லை. ஆனால் ரசீது இருக்கிறது, கூடை இருக்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவையே 555 புத்தகமாகும். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் ஐந்து.

அ. அளவு சுருங்குதல். பத்துக் கிலோ அரிசி வாங்கியவர் ஐந்துக்கும், ஐந்து வாங்கியவர் இரண்டுக்கும் இறங்குதல். வீட்டில் ஆள் குறையாமல் மூட்டை மட்டும் குறைந்தால் அது கையிருப்பின் சுருக்கம்.

ஆ. பெயர் மாறுதல். பேர்பெற்ற கம்பெனிச் சாமானை விட்டு, அங்காடியின் சொந்த முத்திரைச் சாமானை எடுத்தல். இது சிக்கனமாகவும் இருக்கலாம். தரம் சமமென்று கண்டு மாறுகிறவர் புத்திசாலி. பிடிக்காமலே மாறுகிறவர் நெருக்கடியில் இருப்பவர்.

இ. பண்டம் மாறுதல். இறைச்சியிலிருந்து கோழிக்கும், கோழியிலிருந்து முட்டைக்கும் கருவாட்டுக்கும் இறங்குதல். பழம், பால், குழந்தைக்கான சத்துணவு முதலியன பட்டியலிலிருந்து முதலில் உதிர்ந்தால், அது சிக்கனத்தின் எல்லையைக் கடந்துவிட்டது என்று அறிக.

ஈ. நாள் மாறுதல். சம்பளத்தை ஒட்டிய நாட்களில் கூட்டமும், அடுத்த சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் வெறுமையும் ஏற்பட்டு, அந்த இடைவெளி ஆண்டுக்காண்டு ஆழமாகிக்கொண்டே போனால், குடும்பங்களில் சேமிப்பு இல்லை என்பது கண்கூடு.

உ. கல்லாவில் திருப்பி வைத்தல். தொகையைக் கூட்டிச் சொன்ன பிறகு ஒன்றிரண்டு சாமானை எடுத்து அப்புறம் வைப்பது. எதைத் திருப்பி வைக்கிறார் என்று பாருங்கள். மிட்டாயும் குளிர்பானமும் என்றால் கவலையில்லை. சமையலெண்ணெயும் பால்மாவும் என்றால் அங்கே ஒரு வீடு தள்ளாடுகிறது.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டுதல் கூடாது. மூன்று சேர்ந்து வருமாயின் நெருக்கடி என்று கொள்ளலாம்.

7. நிறைந்த கூடையும் ஏமாற்றும்

இதற்கு மாறான நிலையும் உண்டு. கூடை நிறைந்திருக்கும், ஆனால் அதை நிரப்பிய பணம் இன்றைய வருமானமாயிராது. 2020 முதல் 2022 வரை நான்கு தனித் திட்டங்களின் வழியாக ஊழியர் சேமநிதியிலிருந்து உறுப்பினர்கள் எடுத்த தொகை ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி. முதுமைக்கென்று வைத்த பணம் அது. தொற்றுக் காலத்தில் பலர் பட்டினியிலிருந்து தப்ப அதுவே உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பணம் நம் கல்லாவுக்கு வந்தபொழுது அதை வளத்தின் அடையாளமாக எண்ணியிருப்போமாயின், கணக்கைத் தலைகீழாகப் படித்தவராவோம். அறுபது வயதில் வாங்க வேண்டிய அரிசியை முப்பது வயதிலேயே வாங்கிவிட்டார். அந்த அறுபதாம் வயதில் நம் பிள்ளைகளின் கடைக்கு அவர் எதைக்கொண்டு வருவார்?

தவணையில் வாங்கும் புது முறைகளுக்கும் இது பொருந்தும். ஒரு நாற்காலியையோ குளிர்சாதனப் பெட்டியையோ தவணையில் வாங்கினால் தவணை முடியும்வரை பொருள் இருக்கிறது. உண்டு தீர்ந்த அரிசிக்கு அடுத்த மாதமும் தவணை கட்டுவதோ, காலி மூட்டைக்குக் காவல் இருப்பதற்கு ஒப்பாகும்.

8. ஏழை கொடுக்கும் அதிக விலை

இப்பாடத்தில் நம் மனச்சாட்சியைத் தொடும் பகுதி இதுவே. கையில் குறைந்த காசு உள்ளவர் சிறிய பொட்டலத்தை வாங்குகிறார். சிறிய பொட்டலமோ கிராமுக்குக் கிராம் விலை அதிகம். ஒரு கணக்குக்காகச் சொல்வோம்: சலவைத்தூள் 2 கிலோ பை 16 வெள்ளி, 200 கிராம் பொட்டலம் 2 வெள்ளி 40 காசு. முதலாமவருக்கு 100 கிராம் 80 காசு. இரண்டாமவருக்கு 1 வெள்ளி 20 காசு. அதே தூளுக்கு ஏழை ஒன்றரை மடங்கு கொடுக்கிறார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. 16 வெள்ளியை ஒரே நாளில் எடுக்க இயலாமையே காரணம். இவ்வாறு வறுமையே வறுமைக்குச் செலவாகிறது.

இதனோடு மற்றொரு சூழ்ச்சியும் சேர்ந்திருக்கிறது. உறையின் உருவும் விலையும் மாறாதிருக்க, உள்ளே எடை மட்டும் குறைந்துவிடும். எடையை உறையின் மேல் அச்சிட்டிருக்கிறோம் என்று உற்பத்தியாளர் கூறுவர். சட்டத்துக்கு அது போதும். எடை குறைந்ததை வாங்குகிறவர் அறியாமல் இருப்பதில் நாம் ஆதாயம் பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. அளவில் குறைப்போரைப் பற்றி நமது திருமறையில் ஓர் அத்தியாயமே உண்டு. 83ஆம் அத்தியாயமாகிய அதற்குப் பெயரே அதுதான். தராசு வியாபாரியிடம் உள்ள அமானிதம் என்பதை நமக்கு வேறெவரும் போதிக்க வேண்டியதில்லை.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. ஒரு கிலோ சமையலெண்ணெய்ப் பொட்டலம் அரசாங்க மானியத்தால் 2025இலும் 2 வெள்ளி 50 காசுக்கே விற்கப்பட்டது. இங்கே சிறிய பொட்டலமே மலிவு. அதனாலேயே அது அடிக்கடி தட்டுப்பாடாகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்ததையும், அவ்வாண்டு செப்டம்பரில் இங்கு இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியதையும், உடனே அனைவரும் விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசியைத் தேடியதால் அது அலமாரியிலிருந்து மறைந்ததையும் நாம் மறக்கவில்லை. மலிவான பண்டம் குறையும் நாளில் அது எவர் கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பவர் கடைக்காரரே.

9. நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, ஒவ்வொரு விலைச்சீட்டிலும் மொத்த விலையோடு 100 கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் எழுதி வைப்போம். இதற்குச் செலவு ஒரு பேனாவும் ஒரு மாலைப்பொழுதும். வாடிக்கையாளர் நம்மை நம்புவதற்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

இரண்டாவது, நிறுத்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாதிருப்போம். பருப்பு, மிளகாய், மல்லி, சீரகம் முதலியவற்றை வேண்டிய அளவுக்கு, பெரிய மூட்டையின் கிலோ விலையை ஒட்டியே கொடுக்கக்கூடியவர் சிறுகடைக்காரர். உறையிட்டு விற்கும் பேரங்காடியால் இது எளிதில் ஆகாது. 50 கிராம் வாங்குகிறவருக்கு நியாய விலை கிடைக்கும் இடம் நம் கடை என்று பேர் வந்தால், அவர் நாளை ஐந்து கிலோ வாங்கும்போதும் நம்மிடமே வருவார்.

மூன்றாவது, மானியப் பொருளை வேறு சாமானோடு சேர்த்து வாங்கினால்தான் உண்டு என்று கட்டாயப்படுத்துவதும், பின்பக்கமாக மொத்தமாய்த் தள்ளிவிடுவதும் வேண்டாம். இன்றைய சிறு லாபம் நாளைய அபராதத்துக்கும் அவப்பெயருக்கும் வித்து.

நான்காவது, அரசாங்க உதவியைப் பெறும் வாடிக்கையாளருக்கு நம் கடைக் கதவைத் திறந்து வைப்போம். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டையின் வழி 100 வெள்ளி 'சாரா' உதவி கொடுக்கப்பட்டது. பதிவு செய்துகொண்ட கடைகளில் மட்டுமே அதைச் செலவிட முடிந்தது. பதிவு செய்யாத கடைக்காரர், தம் தெருவார் கையில் இருந்த பணம் வேறு தெருவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தகைய திட்டங்களில் சேரும் விதிகளைச் சங்கத்தின் மூலம் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, கடன் கொடுப்பதாயின் வரம்பிட்டுக் கொடுப்போம். உணவுக்குக் கொடுக்கலாம், ஆடம்பரத்துக்கு வேண்டாம். தொகையை அவர் முன்னிலையிலேயே எழுதி, அவரிடமும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவரின் மானத்தைக் காப்பதும் கொடுப்பதைச் சேர்ந்ததே.

ஆறாவது, நாமும் முதலாளிகள் என்பதை மறவாதிருப்போம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபொழுது நம்மில் பலர் பெருமூச்சு விட்டோம். நம் வாடிக்கையாளர் கையில் காசில்லை என்று குறைப்படும் நாம், நம் கடைச் சிப்பந்தியும் வேறொரு கடைக்கு வாடிக்கையாளர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா முதலாளிகளும் கூலியைக் குறைத்துக்கொண்டு, எல்லா வாடிக்கையாளரும் அதிகம் வாங்க வேண்டுமென்றால் அது நடக்கிற காரியமா?

10. ஒரு பயிற்சி

படித்ததை மறவாமலிருக்க ஒரு சிறு பயிற்சி தருகிறோம். ஒரு மாதத்தின் முதல் வார ரசீதுகளையும் கடைசி வார ரசீதுகளையும் எடுங்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள் கிழித்துக்கொண்டு, வந்தவர் எண்ணிக்கை, ஒரு ரசீதின் சராசரித் தொகை, ஒரு ரசீதில் உள்ள சாமான்களின் எண்ணிக்கை, அரிசியும் எண்ணெயும் எந்த அளவுப் பையில் போயின என்பவற்றை எழுதுங்கள். இதையே மாதந்தோறும் செய்து வாருங்கள்.

தொகையும் ஏறி, சாமான் எண்ணிக்கையும் ஏறினால் வாங்குவோர் வளர்கின்றனர். தொகை ஏறி, எண்ணிக்கை இறங்கினால் விலை மட்டுமே வளர்கிறது. தொகை அப்படியே நிற்க, பை சிறுத்து, வரும் தடவை அதிகமானால் கையில் ரொக்கம் சுருங்குகிறது. மூன்றும் இறங்கினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார். அப்பொழுது குறை நாட்டில் இல்லை, நம்மிடத்தில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: சென்ற ஆண்டின் அதே ஆங்கில மாதத்தோடு ஒப்பிடும்போது நோன்பு மாதத்தை நினைவில் வையுங்கள். அது ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. பெருநாள் விற்பனை விழுந்த மாதத்தையும் விழாத மாதத்தையும் ஒப்பிட்டு வருத்தமோ மகிழ்ச்சியோ அடைதல் வீண்.

முடிவாக, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. கூலி உயர்ந்தவர் சிலர் முன்னேறினர். கூலி நின்றவர் பலர் பின்னடைந்தனர். வேறு சிலர் நாளைய பணத்தால் இன்றைய கூடையை நிரப்பிக்கொண்டனர். இவர்கள் மூவரும் ஒரே வரிசையில் நம் கல்லாவுக்கு முன்னால் நிற்கின்றனர். யார் எவர் என்று தெரிந்து, குறைந்த காசோடு வந்தவரையும் முழு மனிதராக நடத்தி, சரியான எடையில் சரியான விலைக்குக் கொடுத்தனுப்புவதே வணிகம். அதில்தான் பரக்கத்தும் இருக்கிறது.